அம்மம்மாவின் ஊரைப் பேரப்பிள்ளை வரைவது எப்படி: புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் ஈழத்தமிழ் வீடுகள் நிறைய. அம்மம்மா சமைத்து வைக்கிறார். பேத்தி சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போகிறாள். பாசத்துக்குக் குறைவில்லை, பேசுவதற்குத்தான் விஷயம் கிடைப்பதில்லை. ‘சாப்பிட்டாயா?’, ‘படித்தாயா?’ என்ற இரண்டு கேள்விகளோடு ஆண்டுகள் போய்விடுகின்றன.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலையைப் பற்றியது. மூத்தவர் பிறந்து வளர்ந்த வீட்டையும் ஊரையும் பேரப்பிள்ளை தன் கையால் வரைய வேண்டும். வரையும்போது எழும் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ‘சொல்ல என்ன இருக்கிறது?’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ‘கிணறு எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் விரல் தானாகத் தாளுக்குப் போகும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மட்டக்களப்பு, வன்னி, மலையகக் குடும்பங்களுக்குச் சொற்கள் மாறும். படிகளின் வரிசை மாறாது. 9 வயதிலிருந்து 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

1. முன்கூட்டியே தேவையானவை

ஒரு பெரிய தாள், பென்சில், அழிறப்பர், ஒரு கொப்பி, ஒரு கைத்தொலைபேசி. தமிழ்க் கடைகள் ஆண்டுதோறும் தரும் சுவர் நாட்காட்டியின் பின்பக்கமே போதும். பேனா வேண்டாம். மூத்தவர்கள் முதலில் காட்டும் இடத்தைப் பிறகு மாற்றுவார்கள். அழிக்க முடியாத கோட்டைப் பார்த்ததும் ‘பரவாயில்லை, விடு’ என்று திருத்தாமல் விட்டுவிடுவார்கள்.

மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, அதன் பற்றரி மூன்றையும் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள். இதைத் தவறவிட்ட வீடுகளில் அம்மப்பா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆர்வமில்லை என்று பேரன் நினைத்துக்கொண்டான்.

காலைத் தேநீருக்குப் பிறகான நேரம் நல்லது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம்: களைப்பு, மாத்திரை, தொலைக்காட்சித் தொடர் என்று மூன்றும் குறுக்கே வரும். ஓர் அமர்வுக்கு அரை மணி நேரம் போதும். இன்னும் கொஞ்சம் பேசலாம் என்று இருவருக்கும் தோன்றும்போதே நிறுத்தினால் அடுத்த முறை அழைக்க வேண்டியிராது.

ஜனவரியில் தொடங்காதீர்கள். கனடாவில் அது தமிழ் மரபுத் திங்கள் என்பதால் பாடசாலையில் ஏதாவது கேட்பார்கள். அந்த அவசரத்தில் அம்மம்மா ஒரு வீட்டுப்பாடம் ஆகிவிடுவார். யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் தொடங்குங்கள். ஜனவரி வரும்போது காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

2. முதலில் பெற்றோர் பேசி முடிக்க வேண்டியவை

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். பிள்ளை கேள்வி கேட்கும் முன் அம்மாவும் அப்பாவும் தனியாக உட்கார்ந்து மூன்று விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது, பதிவில் வரக்கூடாதவை. கனடாவுக்கு வந்த வழி, அதற்கு உதவியவர்கள், அகதிக் கோரிக்கையில் சொன்னவை, ஊரில் இன்னும் இருக்கும் உறவினரைப் பற்றிய செய்திகள். ஒரு கைத்தொலைபேசிப் பதிவு வாட்ஸ்அப்பில் எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவற்றைப் பிள்ளைக்குச் சொல்ல விரும்பினால் பதிவை நிறுத்திவிட்டுச் சொல்லலாம்.

இரண்டாவது, குடும்பத்தில் பேசாமல் விட்ட இழப்புகள். 11 வயதுப் பிள்ளை ‘இந்தப் படத்தில் இருக்கும் மாமா இப்போது எங்கே?’ என்று கேட்கும்போதுதான் அந்த மாமா காணாமல் போனவர் என்பது அதற்குத் தெரிய வருகிறது என்றால், அது பெற்றோரின் கவனக்குறைவு. முன்பே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, சாதி. ஊர்ப்படம் வரைந்தால் அது தாளில் தெரியாமல் போகாது. யார் வீடு ஒழுங்கையின் (சிறு தெருவின்) கடைசியில் இருந்தது, யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது, யார் முற்றத்தோடு நின்றுவிட்டார்கள் என்பவை வரையும் போதே வெளியே வரும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968-இல். இன்றைய அம்மம்மாக்கள் பலர் அப்போது இளம்பெண்கள். இதை மூடி மறைத்த படம் பொய்ப் படம். பிள்ளைக்குச் சாதி என்றால் என்ன, அது ஏன் தவறு என்பதைப் பெற்றோர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பிள்ளை கேட்கும் முதல் விளக்கம் பழைய பெருமையின் குரலில் இருந்துவிடலாம்.

3. சம்மதத்தைப் பிள்ளையே கேட்கட்டும்

‘அம்மம்மா, உங்கள் வீட்டை நான் வரையப் போகிறேன். நீங்கள் சொல்வதைப் பதிவு செய்யலாமா? வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்.’ இந்த மூன்று வரியைப் பிள்ளை தமிழில் பழகிக்கொண்டு நேரில் கேட்க வேண்டும். மகளோ மருமகனோ கேட்டால் மூத்தவர் கடமைக்காக ஒத்துக்கொள்வார். அவர்களின் வீட்டில் இருக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு. பேரப்பிள்ளை கேட்டால் மறுக்கவும் முடியும், பேரம் பேசவும் முடியும்.

4. மொழியை வைத்துத் தடுக்காதீர்கள்

அம்மப்பா தமிழில் சொல்ல, பேரன் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்க, வேலை நடக்கும். நடுவில் பெற்றோர் உச்சரிப்பைத் திருத்தினால் அன்றோடு நின்றுவிடும். திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த கேள்வியைச் சுருக்கிவிடுகிறது, அதற்கடுத்ததைக் கேட்பதே இல்லை.

தொடங்கும் முன் சில சொற்கள் மட்டும் தெரிந்தால் போதும்: எங்கே, எந்தப் பக்கம், யார், எவ்வளவு பெரியது, பிறகு. படலை (வேலிக் கதவு), வளவு (வீடு நிற்கும் காணி), ஒழுங்கை, துலா (கிணற்று ஏற்றம்), குசினி (சமையலறை), தலைவாசல், கொட்டில் போன்றவை வரையும்போது தாமாகவே வரும். அவற்றின் பொருளை மூத்தவரே வரைந்து காட்டட்டும். பெற்றோர் மொழிபெயர்த்துக் கொடுத்தால் அந்த இடத்தில் மூத்தவருக்கு வேலை இல்லாமல் போகிறது.

பெற்றோருக்கு ஒரு கண்டிப்பான விதி: அதே அறையில் இருக்க வேண்டாம். குசினியில் இருங்கள். இருவரும் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் மட்டும் வாருங்கள்.

5. முதல் அமர்வு: வீடு மட்டும்

ஊர் முழுவதையும் முதல் நாளே வரையத் தொடங்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தாள் நிறைந்துவிடும், கதை ஒன்றும் வராது. வளவின் எல்லைக்குள் நில்லுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். கனடாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் குடும்பப் பெயராக இருப்பது அப்பப்பாவின் சொந்தப் பெயர். ஊரில் தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்திருந்தவர்கள், இங்கே படிவத்தில் கேட்ட இடத்தை அந்தப் பெயரால் நிரப்பினார்கள். தன் பாடசாலை அட்டையில் இருக்கும் பெயர் எதிரே கதிரையில் இருக்கும் மனிதரை அழைத்த பெயர் என்று தெரியும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறது.

அடுத்து வளவின் பெயர். யாழ்ப்பாணத்தில் காணிகளுக்குப் பெயர் உண்டு. காணி உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) அந்தப் பெயரால்தான் எழுதியிருக்கும். பரப்பளவையும் கேளுங்கள். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பெயர், பரப்பு, நான்கு எல்லை மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை அதைத் தாளின் மேல் ஓரத்தில் தலைப்பாக எழுதட்டும்.

பிறகு எல்லை வேலி. கிடுகா (பின்னிய தென்னோலை), பனையோலையா, மதிலா? வேலிக் கதியாலாக (உயிர்மரத் தூணாக) நின்றது பூவரசா, கிளுவையா? எந்த இடத்தில் பொட்டு (வேலியில் ஆள் நுழையும் இடைவெளி) இருந்தது, அதற்குள்ளால் யார் வீட்டுக்குப் போனீர்கள்? வேலிப் பொட்டைப் பற்றிக் கேட்டால் அயல் வீட்டுக் கதை முழுவதும் வந்துவிடும்.

அதன் பிறகு படலை, கிணறு, வீடு, குசினி, மாட்டுக்கொட்டில், மரங்கள் என்ற வரிசையில் போங்கள். வெளியிலிருந்து உள்ளே போவதற்குக் காரணம் இருக்கிறது. அறைகளுக்குள் பிறப்பும் இறப்பும் சண்டையும் இருக்கின்றன. அவற்றைப் பேச மூத்தவருக்கு நேரம் வேண்டும். மரங்களைப் பற்றிப் பேச யாருக்கும் தயக்கம் இல்லை.

நான் பார்த்த ஓர் அமர்வில், கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பேத்தி கிணற்றுக்கு வடக்கே வரைந்தாள். அம்மம்மா பென்சிலை வாங்கி, அதை அழித்து, தெற்கே வரைந்தார். இலை கிணற்றில் விழும் என்று அப்பா திட்டியதும், ஆனால் வெட்டாமல் விட்டதும், மாம்பழக் காலத்தில் கிணற்றுக் கட்டில் இருந்து சாப்பிட்டுக் கொட்டையை எறிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேத்தி கேட்டது ஒரே கேள்விதான்: ‘அப்போது உங்களுக்கு என்ன வயது?’ ‘உன் வயது’ என்றார். இப்படி ஒரு நொடி வரும்போது அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள்: அம்மம்மா பேச்சை நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திரு. பெரும்பாலும் எண்ணி முடிப்பதற்குள் அவரே தொடர்வார்.

6. இரண்டாம் அமர்வு: ஒழுங்கையும் ஊரும்

புதிய தாள் எடுங்கள். வீட்டை நடுவில் ஒரு சிறு சதுரமாகப் போட்டு, அங்கிருந்து ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்: பாடசாலைக்குப் போன வழி. ‘ஊரில் என்னென்ன இருந்தன?’ என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும், அவ்வளவுதான். ‘படலையைத் திறந்து வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்?’ என்று கேட்டால் கால் நடக்கத் தொடங்கும். வழியில் சந்தி, வாசிகசாலை, சங்கக்கடை (கூட்டுறவுக் கடை), தபாற்கந்தோர், கோயில், பனங்கூடல் (பனந்தோப்பு) எல்லாம் தம் இடத்தில் வந்து நிற்கும்.

அளவுத்திட்டம் பற்றிக் கவலைப்படாதீர்கள். பயந்து ஓடிக் கடந்த பனங்கூடல் தாளில் கோயிலைவிடப் பெரிதாக வந்தால் அப்படியே விடுங்கள்.

7. கேள்வியை எப்படிக் கேட்பது

‘அந்தக் காலம் நன்றாக இருந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘ஓம்’ என்று ஒரு சொல்லில் முடியும். ‘ஏன் இங்கே வந்தீர்கள்?’ என்று தொடக்கத்தில் கேட்காதீர்கள். அது குடிவரவு அதிகாரி கேட்ட கேள்வி. கையால் செய்ததை, வாயால் சாப்பிட்டதை, காதால் கேட்டதைக் கேளுங்கள். கூழுக்கு ஒடியல் மாவை எப்படிக் கரைப்பீர்கள்? மழைக் காலத்தில் உடுப்பை எங்கே காய வைத்தீர்கள்? பாடசாலை மணியை யார் அடித்தார்?

ஆண்டை நேரடியாகக் கேட்டால் மூத்தவர்கள் தடுமாறுவார்கள். தவறான ஆண்டைச் சொல்லிவிட்டுக் கவலையும் படுவார்கள். நிகழ்ச்சிகளைக் கம்பமாக நட்டு, ‘இதற்கு முன்பா, பின்பா?’ என்று கேளுங்கள். வடக்கைத் தாக்கிய 1964 டிசம்பர்ப் புயல், மிளகாய் வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்த 1970–77 சிறிமா ஆட்சிக் காலம், 1974 தமிழாராய்ச்சி மாநாடு, 1978 மட்டக்களப்புச் சூறாவளி, 1981-இல் யாழ் நூலகம் எரிந்தது, 1983 ஆடிக் கலவரம், 1987 வடமராட்சி இராணுவ நடவடிக்கை, யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு, 2002-இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை திறந்தது. இந்த வரிசையைப் பிள்ளை கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால், ‘உங்கள் அண்ணனின் கல்யாணம் புயலுக்கு முன்பா?’ என்று கேட்டுக் காலத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரே சம்பவத்தை மூத்தவர் இரண்டு விதமாகச் சொன்னால் ‘போன முறை வேறு மாதிரிச் சொன்னீர்களே’ என்று பிள்ளை மடக்கக் கூடாது. இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும்.

8. போர்க்காலம் வரும்போது

நீங்கள் கேட்காவிட்டாலும் அது வரும். பங்கர் (பதுங்குகுழி) எங்கே வெட்டினோம் என்று படத்திலேயே காட்டுவார்கள். அதுவரை வீடும் ஊரும் வரைந்து முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த வரிசையின் நோக்கம். ஊரைத் தெரியாத பிள்ளைக்குப் போர்க்கதை ஒரு பயங்கரச் செய்தி மட்டுமே. கிணற்றையும் மாமரத்தையும் தெரிந்த பிள்ளைக்கு என்ன போனது என்று புரியும்.

முதலில் வாழ்ந்த விதத்தைக் கேளுங்கள். மின்சாரம் இல்லாத, பொருளாதாரத் தடை இருந்த 90-களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் துணி துவைத்தார்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தார்கள். இவற்றைச் சொல்லும்போது மூத்தவர் கெட்டிக்காரராக இருக்கிறார். அந்த நிலையில் அவரைப் பார்த்த பிறகே, 1995 இடப்பெயர்வின்போது நாவற்குழிப் பாலத்தில் ஓர் இரவு முழுவதும் அங்குலம் அங்குலமாக நகர்ந்ததையும், கிளாலிக் கடலை இருட்டில் படகில் கடந்ததையும் பிள்ளை கேட்கட்டும்.

மூத்தவர் அழுதால் பதிவை நிறுத்திவிட்டுப் பிள்ளை அருகில் போய் உட்காரட்டும். உடனே தண்ணீர் கொண்டுவர ஓட வேண்டாம். ஓடினால் தன்னால் பிள்ளை பயந்துவிட்டது என்று அவர் நினைத்து அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். தண்ணீரைப் பெற்றோர் கொண்டுவரலாம். அன்று அதோடு முடித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுங்கள். தூக்கம் கெடுவது, கெட்ட கனவு வருவது போன்றவை நாட்கணக்கில் தொடர்ந்தால் இந்த வேலையை நிறுத்திவிட்டுக் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள். பிள்ளைக்கும் இது பொருந்தும்.

9. இனி பேரப்பிள்ளையின் படம்

பலர் எட்டாவது படியோடு முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. அம்மம்மாவுக்குப் பேத்தியின் பாடசாலைப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் யாரோடு இருக்கிறாள், எந்தச் சந்தியில் பயப்படுகிறாள் என்பது எதுவுமே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஊர் ஸ்காபரோதான். அதை யாரும் வரைந்து கேட்டதில்லை என்பதால், தனக்கென்று ஓர் ஊர் இல்லை, பெற்றோரின் ஊரைத்தான் இரவல் வாங்கியிருக்கிறோம் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனதை மிகவும் வருத்தும் விஷயம் அது.

ஆகவே மூன்றாவது தாள். வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வரை பிள்ளை வரையட்டும், மூத்தவர் கேட்கட்டும். அடுக்குமாடியின் மின்தூக்கி, பஸ் தரிப்பிடம், பனிக்காலத்தில் வழுக்கும் இறக்கம், நண்பன் வீட்டு வாசல், கூட்டமாக நிற்கும் பெரிய பையன்களைத் தவிர்க்கச் சுற்றிப் போகும் பாதை. மூத்தவருக்கும் பழக்கம் தேவை: ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கண்டிக்கும் குரலில் கேட்கக் கூடாது. ‘பிறகு எந்தப் பக்கம் திரும்புவாய்?’ என்று கேட்க வேண்டும். தன்னிடம் கேட்ட அதே கேள்வி என்பதால் அவருக்கு இது எளிதாகவே வருகிறது.

முடித்த பிறகு, கால் இடம் கொடுத்தால், இருவரும் ஒரு நாள் அந்த வழியில் நடக்கலாம்.

10. அன்றன்றே செய்ய வேண்டிய ஒலிப்பதிவு வேலை

பதிவுக்கு முன் கைத்தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு (airplane mode) மாற்றுங்கள். இல்லாவிட்டால் லண்டன் மாமியின் வாட்ஸ்அப் அழைப்பு நல்ல இடத்தில் வந்து வெட்டிவிடும். குளிர்சாதனப் பெட்டிக்குத் தள்ளி உட்காருங்கள்; அதன் இரைச்சல் நேரில் உறைக்காது, பதிவில் உறைக்கும். தொலைபேசிக்குக் கீழே மடித்த துவாய் ஒன்றை வைத்தால் மேசையில் தட்டும் ஓசை குறையும். தொடக்கத்தில் பிள்ளை தேதி, இடம், இருவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

கோப்புக்கு ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் பெயரிடுங்கள். அப்போதுதான் கோப்புகள் தாமாகக் கால வரிசையில் அமையும். அமுக்காத வேவ் (WAV) வடிவத்தில் ஒரு மணி நேர ஒற்றைத்தடப் பதிவு ஏறத்தாழ 320 மெகாபைட் வரும், இடத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, யூஎஸ்பியில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று.

முழுவதையும் எழுத்தில் பெயர்க்க முயலாதீர்கள். அங்கேதான் பெரும்பாலானவர்கள் களைத்துப்போய்க் கைவிடுகிறார்கள். நிமிடக் குறிப்பு போதும்: ‘04:20 கிணறு, 11:05 மாமரம்.’ அன்றே எழுதுங்கள்.

11. செயற்கைக்கோள் படம் கடைசியில்

கூகுள் வரைபடத்தை முதல் நாளே திறந்து காட்டுவது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் பல பத்தாண்டுகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017-இல்தான் விடுவிக்கப்பட்டது. வீடு இருந்த இடத்தில் பற்றைக்காட்டைப் பார்த்தால் பேச்சு அடைத்துவிடும். நினைவில் இருந்த ஊரும் அந்த வெற்றுநிலத்தோடு கலந்துவிடும்.

கைப்படம் முடிந்த பிறகு, மூத்தவர் விரும்பினால் மட்டும், பெற்றோர் முன்கூட்டியே பார்த்துவிட்டுத் திறக்கட்டும். கோயில் அல்லது சந்தியிலிருந்து தொடங்கி மெதுவாக வீட்டுப் பக்கம் நகருங்கள்.

12. படத்தையும் பதிவையும் யாரிடம் கொடுப்பது

குடும்பத்துக்கு வெளியே கொடுக்கும் முன் மூத்தவரிடம் மீண்டும் ஒருமுறை சம்மதம் கேளுங்கள். முதலில் கொடுத்த சம்மதம் பேரப்பிள்ளைக்காகக் கொடுத்தது. பொதுவில் வைக்க விரும்பினால், 2005 முதல் ஈழத்தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் சேகரிக்கிறது. அயலவர் பெயர்கள் வரும் பகுதிகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

மூலப்படம் பேரப்பிள்ளையிடம் இருக்கட்டும். ஒரு நல்ல புகைப்படம் எடுத்து உறவினருக்கு அனுப்புங்கள். தாளைப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள். பாரிஸிலிருந்து பெரியம்மா வரும்போது, மாட்டுக்கொட்டில் அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்பார். அதை வேறு நிறப் பென்சிலால் வரைந்து, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று ஓரத்தில் எழுத இடம் வேண்டும்.